வெள்ளத்தோடு சேர்ந்து நகர்ந்த வீடு: மிசிசிப்பிக் கரையில் 17 இரவுகள்

2024 ஜூன் 19 அன்று மினியாபொலிஸ் புறநகர் ஒன்றில் 25 அடி நீள மோட்டார் ஹோம் (உள்ளேயே சமைத்து, உறங்கிப் பயணம் செய்யும் வண்டி) ஒன்றை 28 இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்தேன். இட்டாஸ்கா ஏரியில் தொடங்கி மெம்ஃபிஸ் வரை மிசிசிப்பி ஆற்றின் கரையோரமாகவே மெதுவாகப் போவது, பிறகு இரண்டு நாட்களில் பெருஞ்சாலை வழியாகத் திரும்பி வந்து வண்டியை ஒப்படைப்பது என்பது திட்டம். பதினேழு இரவுகளுக்குப் பிறகு, கூரையில் நீலத் தார்ப்பாய் கட்டிய அதே வண்டியை, அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலையைக்கூடத் தாண்டாமல் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினேன். கணக்கு முடிந்தபோது 8,295 டாலர் வீணாகியிருந்தது. இந்தப் பயணத்தைப் பற்றி நான் படித்தவை எல்லாம் எந்த ஊரில் எதைப் பார்க்கலாம் என்றே சொல்லின. ஆறு பெருகினால் என்ன ஆகும், வண்டியின் உயரம் என்ன என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மிசிசிப்பியின் இரு கரைகளிலும் 'கிரேட் ரிவர் ரோடு' என்ற பெயரில் ஒரு சாலைத் தொடர் செல்கிறது. 1938-இல் கருக்கொண்ட திட்டம் அது. மினசோட்டாவில் தொடங்கி லூயிசியானா வரை பத்து மாநிலங்களைத் தொடுகிறது. கப்பலோட்டியின் சுக்கான் சக்கரம் வரைந்த பச்சை நிறப் பலகை வழிகாட்டும். புதிதாகச் சாலை ஒன்றைப் போடாமல், ஏற்கெனவே இருந்த மாநில நெடுஞ்சாலைகளையும் ஊர்ச் சாலைகளையும் கோத்து உருவாக்கியதால், ஓர் இடத்தில் அகலமான தார்ச்சாலையாக இருப்பது மறு வளைவில் ஊருக்குள் நுழையும் குறுகலான தெருவாகிவிடும். வட மினசோட்டாவில் சில பகுதிகள் சரளைச் சாலைகள். என் வாடகை ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில், சரளைச் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அதை நான் படித்தது இட்டாஸ்காவுக்கு அருகே அப்படி ஒரு சாலையில் ஆறு மைல் ஓட்டி முடித்த பிறகு.

வண்டியை ஒப்படைத்த இளைஞர் இருபது நிமிடங்களில் எல்லாவற்றையும் காட்டி முடித்தார். நல்ல தண்ணீர்த் தொட்டி இங்கே, குளியலறைக் கழிவு இங்கே, கழிப்பறைக் கழிவு இங்கே, கேஸ் வால்வு இது, ஜெனரேட்டர் பொத்தான் அது. நடுவே "உயரம் பதினொன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த எண் என் மனத்தில் தங்கவே இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறவனுக்கு நீளமும் அகலமும்தான் கவலை; தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் கண்ணுக்கே கிடையாது. இப்போது யாராவது கேட்டால், வண்டியை எடுத்த இடத்திலேயே ஓர் ஏணியைக் கேட்டு வாங்கி, கூரையில் இருக்கும் ஏசி பெட்டியின் உச்சியிலிருந்து தரை வரை நீங்களே அளவுநாடா பிடித்துப் பாருங்கள் என்பேன். காகிதத்தில் இருக்கும் எண் சில நேரம் கூரையின் உயரத்தை மட்டும் சொல்லும், ஏசியைக் கணக்கில் எடுக்காது. அளந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டீயரிங்குக்கு மேலே, வெயில் மறைப்பில் ஒட்டிவிடுங்கள்.

முதல் மூன்று இரவுகளில் எல்லாரும் செய்யும் தவறுகளை நானும் செய்தேன். 30 ஆம்பியர் இணைப்பில் ஏசியையும் மைக்ரோவேவையும் நீர் சூடாக்கியையும் ஒன்றாகப் போட்டு மின்சாரம் போயிற்று. 30 ஆம்பியர், 120 வோல்ட் என்றால் மொத்தமே 3,600 வாட் என்ற பள்ளிக்கூடக் கணக்கு இருட்டில் டார்ச்சைத் தேடும்போதுதான் நினைவுக்கு வந்தது. கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும்போது குளியலறைத் தண்ணீரை முதலில் திறந்துவிட்டேன். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறியதன் விளைவை இங்கே விவரிக்கப் போவதில்லை. தடித்த கையுறை ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கழிப்பறைத் தொட்டியின் அளவுகாட்டி எப்போதும் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததாகவே காட்டியது. அதை நம்பாமல் மூன்று நாட்களுக்கு ஒருமுறை காலி செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

இட்டாஸ்கா என்னை ஏமாற்றவில்லை. ஏரி வழிந்து ஆறாகும் இடத்தில் வரிசையாகக் கற்கள் கிடக்கின்றன. குழந்தைகள் அவற்றின் மேல் தாவி மிசிசிப்பியைக் கடக்கிறார்கள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்தே கடந்தேன். இங்கே விழும் ஒரு துளி கடலைச் சேர ஏறத்தாழ 90 நாட்கள் ஆகும் என்கிறார்கள். 2,300 மைலுக்கும் மேல் ஓடப்போகும் ஆறு முதலில் வடக்கு நோக்கிப் போய், பெமிஜி அருகே கிழக்கே வளைந்து, பிறகே தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுகளோடு வளைந்து ஒரு நாளைக்கு ஐம்பது மைல் என்று ஓட்டினேன். மாலை நான்கு மணிக்குள் எங்காவது நிறுத்திவிடுவேன். நாற்காலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த ஒரு வாரத்துக்காக மட்டும் என்றால் செலவைப் பற்றி நான் பேசவே மாட்டேன்.

அந்த வாரத்தில் தெற்கு மினசோட்டாவில் பேய்மழை. ஜூன் 24 அன்று மன்கேட்டோ அருகே புளூ எர்த் ஆற்றின் குறுக்கே இருக்கும் ராப்பிடன் அணையின் ஓரத்தை வெள்ளம் அரித்துக்கொண்டு புதுவழி பிடித்தது. மறுநாள் அருகே இருந்த வீடு ஒன்று சரிந்து ஆற்றில் விழும் காட்சியை, பிரெய்னர்டுக்குப் பக்கத்தில் ஒரு மர நிழலில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்தேன். பாவம் என்று நினைத்தேன். நூற்றைம்பது மைல் தள்ளி வேறு ஏதோ ஆற்றில் நடக்கும் செய்தி என்றுதான் பட்டது. என் பக்கத்தில் மிசிசிப்பி சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. புளூ எர்த் மினசோட்டா ஆற்றில் கலக்கிறது, மினசோட்டா ஆறு செயின்ட் பாலில் மிசிசிப்பியில் கலக்கிறது. நான்கு நாட்களில் நான் போய்ச் சேரப்போகும் ஊர் அதுதான். வரைபடத்தில் விரலை வைத்து ஒரு முறை இழுத்திருந்தால் விளங்கியிருக்கும். இந்த ஒரு தவறிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைத்தன. ஆற்றோரமாகப் போகிறவர்கள் தாங்கள் நிற்கும் இடத்துத் தண்ணீரைப் பார்த்தால் போதாது. அடுத்து வந்து சேரும் கிளையாறுகளின் நிலத்தில் மழை எப்படி என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 29 அன்று செயின்ட் பாலை அடைந்தபோது கரையோரச் சாலைகள் மூடப்பட்டிருந்தன. ஹாரியட் தீவுப் பூங்காவில் விளக்குக் கம்பங்கள் தண்ணீரிலிருந்து முளைத்தவைபோல் நின்றன. ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் அந்த ஊரின் அளவுகோலில் 14 அடியைத் தொட்டாலே வெள்ளம் என்று கணக்கு. தண்ணீர் 20 அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்று படம் எடுத்தேன். "அப்பா, இதற்கு மேல் போகத்தான் வேண்டுமா?" என்று மகள் கேட்டாள். உச்சம் இன்றோ நாளையோ கடந்துவிடும் என்று வானிலைத் துறை சொல்கிறது, இனித் தண்ணீர் வடியத்தான் செய்யும் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை. செயின்ட் பாலில் வடியத்தான் தொடங்கியது. ஆனால் வடிந்த தண்ணீர் எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. வெள்ளத்தின் உச்சம் ஒரு முதுகைப் போல ஆற்றோடு கீழே நகர்ந்து போகிறது. அவசரமில்லாமல் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது மைல் போகிறவனின் வேகமும் அதன் வேகமும் ஏறக்குறைய ஒன்று. நான் எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் உச்சத்தை நெருங்கும் நாளிலேயே போய்ச் சேர்ந்தேன். வேகமாகப் போயிருந்தால் அதை முந்தியிருப்பேன், ஒரு வாரம் வடக்கே தங்கியிருந்தால் அது எனக்கு வழிவிட்டுப் போயிருக்கும். நிதானமாகப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் வெள்ளத்துக்கு வழித்துணையாகவே போனேன்.

விஸ்கான்சின் கரையில் 35-ஆம் எண் நெடுஞ்சாலை பெப்பின் ஏரியை ஒட்டிச் செல்கிறது. சிப்பேவா ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் மிசிசிப்பியை மறித்ததால் உண்டான ஏரி அது. ஒருபுறம் செங்குத்தான குன்று, மறுபுறம் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே சாலையும் ரயில் பாதையும். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவில்தான் ரயிலின் அருமை தெரியும். சாலைக் கடவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் என்று ஊதியாக வேண்டும் என்பது இந்நாட்டு விதி. சரக்கு ரயில்கள் இரவு பகல் பார்ப்பதில்லை. எதிர்க்கரையிலும் ஒரு பாதை உண்டு. அன்றிரவு பதினொரு ரயில்கள் வரை எண்ணினேன். ஆற்றோரத்தில் இடம் பதிவு செய்யும்போது, தண்டவாளம் எவ்வளவு தூரம் என்று வானிலிருந்து எடுத்த வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். காதடைப்பான் வைத்திருந்தாலும் தரை அதிர்வதை அது தடுக்காது.

ஜூலை 1 அன்று ஆல்மா என்ற ஊரில் நான்காம் எண் அணைப்பூட்டை (படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் 'பூட்டு' என்ற தொட்டியோடு கூடிய அணை) அங்குள்ள பார்வை மேடையில் நின்று பார்த்தேன். மினியாபொலிஸுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே இப்படி 29 பூட்டுகள் உண்டு. இத்தனை அணைகள் இருக்கும்போது வெள்ளத்தை அடக்க முடியாதா என்று பக்கத்தில் நின்ற முதியவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கதவுகளைப் பாருங்கள் என்றார். கதவுகள் அனைத்தும் தண்ணீரை விட்டு மேலே தூக்கப்பட்டிருந்தன; பழுப்பு நிறத் தண்ணீர் அவற்றுக்குக் கீழே, எந்தத் தடையும் இல்லாமல், வேர்களோடு பிடுங்கிய ஒரு மரத்தை உருட்டிக்கொண்டு போயிற்று. படகுகளுக்கு 9 அடி ஆழம் வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் 1930-களில் கட்டியவை இவை. நீர் குறைவான காலத்தில் தேக்கிக் கொடுக்கும். வெள்ளத்தைப் பிடித்து வைக்க அவற்றில் இடம் கிடையாது. வெள்ளம் வந்தால் கதவைத் தூக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் வழக்கம் என்று அவர் விளக்கினார். மேல்மிசிசிப்பி அணைகளால் கட்டுப்பட்ட ஆறு, ஆகவே ஆபத்து இல்லை என்று நான் மனத்துக்குள் கட்டி வைத்திருந்த எண்ணம் அந்த மேடையில் உடைந்தது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். முன்பணம் கட்டிய இடங்கள் வரிசையாகக் காத்திருந்தன, அதனால் திரும்பவில்லை.

இந்த முன்பதிவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 28 இரவுகளுக்கும் வண்டியை நிறுத்தித் தங்க முகாம்களில் இடம் பதிவு செய்துவிட்டுக் கிளம்பியதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்திருந்தேன். ஆற்றுக்கு மிக அருகே, குறைந்த கட்டணத்தில் இருப்பவை இராணுவப் பொறியாளர் படை நடத்தும் முகாம்கள். அந்தப் படைதான் அணைப்பூட்டுகளையும் பராமரிக்கிறது. அவை அருமையான இடங்கள். ஆனால் ஆற்றுக்கு அருகே என்றால் ஆற்றின் மட்டத்தில் என்று பொருள். லா க்ராஸை நான் நெருங்கிய அன்று, அடுத்த இரண்டு முகாம்களும் மூடப்பட்டன என்று மின்னஞ்சல் வந்தது. அரசு நடத்தும் முகாம்கள் வெள்ளத்தால் மூடப்பட்டால் முழுப் பணத்தையும் தாமாகவே திருப்பித் தந்துவிடுகின்றன, எனக்கும் வந்தது. மூன்று தனியார் முகாம்கள் தரவில்லை. அவற்றில் ஒன்றின் நுழைவுச் சாலை தண்ணீருக்குள் இருந்தது. "எங்கள் மேட்டுப் பகுதி திறந்துதான் இருக்கிறது, நீங்கள் வரவில்லை என்றால் அது உங்கள் முடிவு" என்றார்கள். மூன்றிலும் சேர்த்து 212 டாலர். தனியார் முகாமில் பதிவு செய்யும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வெள்ளத்துக்குப் பணம் திரும்ப உண்டா, அருகில் உள்ள அளவுகோலில் எத்தனை அடி வந்தால் உங்கள் சாலையில் தண்ணீர் ஏறும். இரண்டாவது கேள்விக்கு அங்கே வேலை செய்கிறவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, தேசிய வானிலைச் சேவையின் இணையதளத்தில் அந்த ஊரின் நீர்மட்ட வரைபடத்தைப் பார்த்தால் வரப்போகும் நாட்களின் கணிப்பே கிடைத்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் இந்த வரைபடத்தை நான் முதன்முதலில் திறந்து பார்த்தது ஜூலை 2 அன்று இரவு.

ஜூலை 3, புதன்கிழமை. மறுநாள் சுதந்திர தினம். வியாழனில் தொடங்கி ஞாயிறு வரை நாடே விடுமுறையில் இருந்தது. ஆற்றோரம் மூடியதால் விரட்டப்பட்டவர்களும் விடுமுறைக்கு வந்தவர்களும் சேர்ந்து மேட்டில் இருந்த எல்லா இடங்களையும் நிரப்பிவிட்டார்கள். காலையிலிருந்து பதினான்கு இடங்களுக்குத் தொலைபேசியில் பேசியிருந்தேன். பிற்பகலில் அயோவா கரையில் ஒரு சிற்றூருக்குள் நுழைந்தபோது கரையோரத் தெருவைத் தடுப்பு வைத்து மூடியிருந்தார்கள். மாற்றுவழிப் பலகை மேற்கே காட்டியது. என் கைபேசி அதைவிடக் குறுக்கான வழி ஒன்றைக் காட்டியது. கைபேசியில் இருந்தது கார்களுக்கான வரைபடம். வண்டியின் உயரத்தைப் பதிந்துகொண்டு வழி சொல்லும் செயலிகள் உண்டு, ஆண்டுக் கட்டணம் ஒரு நாள் பெட்ரோல் செலவைவிடக் குறைவு. வாங்க வேண்டும் என்று நினைத்து வாங்காமல் விட்டிருந்தேன்.

வலப்பக்கம் திரும்பியதும் எதிரே ரயில் பாதையின் கீழ்ச் சுரங்கம். கருங்கல் சுவர், அதன் மேல் துருப்பிடித்த இரும்பு உத்தரம், உத்தரத்தில் மஞ்சள் பலகை: 11 அடி 2 அங்குலம். என் பின்னால் ஆறேழு கார்கள். வண்டியைக் கொடுத்த இளைஞர் உயரம் பத்தடி என்று சொன்னாரா பதினோரடி என்று சொன்னாரா என்று நினைவைத் துழாவினேன். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். பலகையில் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுவார்கள் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது. நடை வேகத்தில் உள்ளே விட்டேன். முதலில் தகர டப்பாவை நசுக்குவது போன்ற சத்தம். பிறகு ஏதோ கிழியும் நீளமான சத்தம். பிறகு வண்டி நின்றுவிட்டது. முன்கண்ணாடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று மேலிருந்து சறுக்கி வந்து விழுந்தது. என் கைகள் ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. வயது ஐம்பத்து நான்கு; நடுத்தெருவில் எல்லாரும் பார்க்க ஒரு வீட்டைப் பாலத்துக்கு அடியில் செருகிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்ற வெட்கம்தான் முதலில் வந்தது, பயம் பிறகுதான். காவலர் ஒருவர் வந்து பின்னால் இருந்த கார்களை விலக்கினார். டயர்களின் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். இரண்டு அங்குலம் தாழ்ந்ததும் அவர் கைகாட்ட, அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்தேன். "கோடையில் மாதம் ஒருவராவது இப்படி வருகிறார்" என்று அவர் சொன்னது ஆறுதலாக இருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று மாலை அளந்து பார்த்தேன். சேதமாகாத மூலையிலிருந்து எடுத்த கணக்கின்படி என் வண்டி 11 அடி 7 அங்குலம். ஐந்து அங்குலம்.

ஹாரன் அடிக்கிறவருக்கு உங்கள் கூரையைப் பற்றிக் கவலை இல்லை. சந்தேகம் வந்த இடத்தில் அபாய விளக்கைப் போட்டு வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பாருங்கள். பத்துப் பேர் திட்டினாலும் நட்டம் ஒன்றும் இல்லை. காவலரை அழைத்துப் பின்னால் எடுக்க உதவி கேட்டால் தயங்காமல் செய்கிறார்கள். இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டது அன்றிரவு, ஏசி இருந்த ஓட்டை வழியாக மழை கட்டிலின் மேல் சொட்டிக்கொண்டிருந்தபோது.

மறுநாள் விடுமுறை என்பதால் பழுதுபார்க்கும் கடைகள் எதுவும் இல்லை. வாடகை நிறுவனத்தின் அவசர எண்ணில் இருந்தவர், படங்களை அனுப்புங்கள், ஓட்டும் நிலையில் இருந்தால் ஓட்டுங்கள் என்றார். கடை அடைக்கும் நேரத்தில் ஓடிப்போய் வாங்கிய தார்ப்பாயும் கயிறும்தான் கைகொடுத்தன. இடமும் ஒன்று கிடைத்தது: மக்ரெகர் ஊருக்கு மேலே, ஆற்றிலிருந்து 500 அடி உயரக் குன்றின் மேல் இருக்கும் பைக்ஸ் பீக் மாநிலப் பூங்காவில் யாரோ ரத்து செய்த ஓரிடம். அங்கே மூன்று இரவுகள் தங்கினேன். எதிர்க்கரையில் வயலூசிங் பூங்காவும் இதே உயரத்தில் குன்றின் மேல் இருக்கிறது. இப்படிக் குன்றுமேல் இருக்கும் மாநிலப் பூங்காக்களை மட்டுமே கோத்துக்கொண்டு மேல்மிசிசிப்பி முழுவதும் ஏறக்குறையப் போய்விடலாம் என்பது பூங்கா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபோது தெரிந்தது. தண்ணீர் வாசலில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் அவற்றையெல்லாம் நான் தவிர்த்திருந்தேன். 1673-இல் மார்க்கெட்டும் ஜோலியேவும் விஸ்கான்சின் ஆற்றின் வழியாக வந்து மிசிசிப்பியில் நுழைந்த இடம் அந்தக் குன்றுக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் பார்த்த நாட்களில் இரண்டு ஆறுகளுக்கும் நடுவே கரை என்று ஒன்று தெரியவில்லை. தீவுகளின் மரங்கள் மட்டும் தண்ணீரில் நின்றன.

ஜூலை 6 அன்று ஆற்றை விட்டு விலகி உள்நாட்டுச் சாலைகள் வழியாக மினியாபொலிஸ் திரும்பினேன். ஏசியும் கூரையும் மாற்ற 4,870 டாலர். பழுதுபார்க்கும் ஆறு நாட்களுக்கு வண்டியை வேறு யாருக்கும் விட முடியாததால், இரவுக்கு 189 வீதம் 1,134. பயன்படுத்தாத 11 இரவுகளின் வாடகை 2,079. அதில் ஒரு காசும் திரும்பவில்லை. நாளொன்றுக்கு முழுக் காப்பீடு என்று கூடுதலாகக் கட்டியிருந்தேனே என்று கேட்டேன். மோதல், திருட்டு எல்லாம் அதில் உண்டு. மேலே இடித்தால், அடியில் இடித்தால், வண்டிக்கு வெளியே விரிக்கும் வெயில் மறைப்பு காற்றில் கிழிந்தால் கிடையாது என்று அந்த ஒப்பந்தத்திலேயே இருந்த வரியைக் காட்டினார்கள். கடன் அட்டைக் காப்பீடும் மோட்டார் ஹோமுக்குப் பொருந்தாது என்று அட்டை நிறுவனம் சொல்லிவிட்டது. பெரும்பாலான அட்டைகள் அப்படித்தான். என் கார் காப்பீட்டு முகவரிடம் கிளம்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால், வாடகை மோட்டார் ஹோமுக்குத் தனியாக ஒரு மாதக் காப்பீடு எடுக்க முடியும் என்று தெரிந்திருக்கும். ஆகவே 'முழு' என்ற சொல்லை நம்ப வேண்டாம். கூரை, அடிப்பாகம், மறைப்பு, டயர் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடி போவேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போவேன், ஆனால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ. வசந்தத்தில் பனி உருகும் வெள்ளமும் ஜூனில் மழை வெள்ளமும் முடிந்து ஆறு ஒடுங்கியிருக்கும் காலம் அது. சில ஆண்டுகளில் அளவுக்கு மீறியே ஒடுங்குகிறது. மெம்ஃபிஸ் அளவுகோல் 2022 அக்டோபரில் பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்தரை அடியையும் தாண்டி இறங்கியது, 2023 அக்டோபரில் பன்னிரண்டு அடிக்குப் போயிற்று. சரக்குப் படகுகளுக்கு அது துன்பம், கரையில் போகிறவர்களுக்கு மணல்திட்டுகள். திசையையும் மாற்றுவேன்: தெற்கே தொடங்கி வடக்கே. எதிரே வரும் வெள்ளத்தை ஒருமுறை சந்தித்துக் கடந்துவிடலாம், கூடவே வருவதைக் கடக்க முடியாது. வண்டியும் சிறியதாக, பத்தடிக்குள் அடங்கும் வேனாக இருக்கும். இடங்களில் பாதியைத்தான் முன்கூட்டிப் பதிவு செய்வேன்.

வீடு திரும்பிய பிறகும் பல நாட்கள் அந்த நீர்மட்ட வரைபடங்களைத் திறந்து பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை. டுபியூக், டேவன்போர்ட், ஹானிபல் என்று ஒவ்வோர் ஊரிலும் நீலக் கோடு மெல்ல ஏறி, ஒரு நாள் தட்டையாக நின்று, மெல்ல இறங்கியது. அருகே என் பயணத் திட்டத்தின் தாள் கிடந்தது. நான் இடம் பதிவு செய்திருந்த ஊர்களுக்கு எல்லாம், ஒன்றிரண்டு நாட்கள் முன்பின்னாக, அது போய்க்கொண்டிருந்தது.